கலவைல விழுந்த ஆயரும் எங்கப்பாவும்

எங்கப்பா கொத்தனார். பட்டர்வொர்த்துல ஆரம்பிச்சு அப்புறம் பினாங்குத் தீவுல ஜெலுத்தோங், பாயான் லெப்பாஸ்னு 40 வருஷத்துக்கு மேல சுவர் எழுப்புனவரு, இப்ப முட்டி போயிருச்சு, வீட்டுலதான் இருக்காரு. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா இந்தக் கதைய அவருகிட்ட சொன்னப்புறம்தான் எனக்கே அது முழுசா புரிஞ்சுச்சு.

போன மே மாசம் பக்கத்து வீட்டுல ரினோவேஷன். எங்க வேலி ஓரமாவே சிமெண்டு கலக்குனாங்க, ஒருநாள் வீல்பேரோ சாஞ்சு மொத்தக் கலவையும் அம்மாவோட மல்லிச் செடி மேலயும் கருவேப்பில மேலயும் ஊத்திருச்சு. மண்டோருகிட்ட, அதான் வேலைய மேற்பார்க்குற மேஸ்திரிகிட்ட, கேட்டேன், மூஞ்சியில அடிச்ச மாதிரி ஒரு பதில் சொன்னாரு. எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல, கவுன்சிலுக்கு கம்ப்ளைன் எழுதி போட்டோ எல்லாம் சேர்த்து ரெடியா வச்சிருந்தேன். அப்பதான் மாதா வணக்க மாசம்னு எங்க அன்பியத்துல, அதான் அக்கம்பக்கத்து கத்தோலிக்கக் குடும்பங்க சேர்ந்த குழுவுல, வீட்டுக்கு வீடு ஜெபமாலை நடந்துட்டு இருந்துச்சு, 16ஆம் தேதி ஒரு அக்கா அன்னிக்குரிய புனிதரப் பத்தி படிச்சாங்க. உபால்தோ. அதுவரைக்கும் அந்தப் பேர நான் கேட்டதே இல்ல.

இத்தாலில உம்பிரியா பக்கம் குப்பியோன்னு ஒரு மலையோர ஊரு, அசிசி ஊரு புனித பிரான்சிஸ் ஓநாய சமாதானப்படுத்துனதா சொல்வாங்களே, அதே ஊருதான், ஆனா உபால்தோ அவருக்கு முந்துன தலைமுறை. சின்ன வயசுலயே அப்பா அம்மா இல்லாம வளர்ந்தவரு. 1126ல பெருஜியா ஊருக்கு ஆயரா, அதான் பிஷப்பா, போன்னு சொன்னா ஒளிஞ்சுக்கிட்டாராம், அப்புறம் ரோமுக்கே போயி பாப்பரசர் ரெண்டாம் ஹொனோரியுஸ்கிட்ட என்னை விட்டுருங்கன்னு கெஞ்சி தப்பிச்சு வந்துட்டாரு. ஆனா அதே பாப்பரசர் 1129ல சொந்த ஊரு குப்பியோவுக்கே ஆயரா ஆக்கிட்டாரு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும், முப்பது வருஷத்துக்கு மேல, அங்கதான்.

இப்ப அந்தக் கலவை விஷயம். ஊரு மதில ரிப்பேர் பண்றாங்க, வேலைக்காரங்க தோண்டுறதுல ஆயரோட திராட்சைத் தோட்டம் நாசமாகுது. இவரு போயி தலைமைக் கொத்தன்கிட்ட கொஞ்சம் பாத்துச் செய்யப்பான்னு தன்மையாத்தான் சொல்றாரு. அந்தாளு திட்டிட்டு ஒரு தள்ளு தள்ளுறான், ஆயரு ஈரக் கலவைக்குள்ள விழுறாரு. எழுந்தாரு, ஒரு வார்த்தை பேசல, உடம்பெல்லாம் கலவையோட வீட்டுக்கு நடந்து போயிட்டாரு.

நான் இதச் சொல்லிட்டு இருக்கும்போதே அப்பா குறுக்க வந்து, அந்தக் காலத்துல சிமெண்டு கிடையாதேம்மா, சுண்ணாம்புல்ல, அப்படின்னாரு. சுண்ணாம்புக் கலவை ஈரமா இருக்கும்போது தோலுல பட்டா அரிச்சு வெந்துரும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, உடனே நெறைய தண்ணி ஊத்தி கழுவணும்னாரு. தன் கை விரல விரிச்சுக் காட்டுனாரு, அந்த வெடிப்புங்கள நான் பொறந்ததுல இருந்து பாக்குறேன். நான் என்னமோ துணி அழுக்காச்சு, அவமானம், அவ்வளவுதான்னு நெனச்சிருந்தேன். அந்த மனுஷன் வலியோடதான் பேசாம நடந்து போயிருக்காரு.

ஊரு சும்மா விடுமா? கொத்தன ஊரவிட்டுத் துரத்தணும், சொத்தப் பறிக்கணும்னு கோர்ட்டு வரைக்கும் போயிருச்சு. அப்பதான் உபால்தோ தன் அதிகாரத்த எடுக்குறாரு, அடிபட்டது ஒரு குருவானவரு, அதனால வழக்கு என் விசாரணைக்குத்தான் வரணும்னு சட்டத்தப் பேசி அவன தன் கைக்கு வாங்கிட்டாரு. எல்லாரும் என்ன தண்டனையோன்னு பாத்துட்டு நிக்க, எனக்கு சமாதான முத்தம் குடுன்னு கேட்டு, ஆண்டவர் உன்ன மன்னிக்கட்டும்னு சொல்லி அனுப்பி வச்சுட்டாரு. தனக்குன்னு வர்றப்போ வாய் திறக்காத ஆளு, அவனக் காப்பாத்துறதுக்கு மட்டும் சட்டம் பேசிருக்காரு பாருங்க, எனக்கு உடம்பு சிலுத்துருச்சு.

இன்னொரு தடவை ஊருக்குள்ள கலவரம், வாளும் கல்லும் பறக்குது, இவரு நடுவுல ஓடிப்போயி அடிபட்ட மாதிரி கீழ விழுந்துட்டாரு, ஐயோ ஆயரக் கொன்னுட்டோமேன்னு எல்லாரும் ஆயுதத்தப் போட்டாங்களாம். 1155ல பேரரசர் பார்பரோசா ஸ்பொலேத்தோ ஊர சூறையாடிட்டு இந்தப் பக்கம் வந்தப்போ, வயசான காலத்துல எதிர்ல போயிப் பேசி ஊரக் காப்பாத்துனதும் இவருதான். 1160 மே 16 இறந்தாரு, 1192ல புனிதரா அறிவிச்சாங்க, 1194ல உடல இன்ஜினோ மலை மேல கொண்டுபோயி வச்சாங்க, இன்னிக்கும் அங்க பீடத்துக்கு மேல கண்ணாடிப் பேழைல இருக்காரு.

அப்புறம் அப்பாவுக்கு யூடியூப்ல, குப்பியோவுல உபால்தோ திருநாளுக்காக நடக்குற செரி ஓட்டத்தப் போட்டுக் காட்டுனேன். வருஷா வருஷம் மே 15, திருநாளுக்கு முந்துன நாள். செரின்னா மெழுகுவர்த்திங்கன்னு அர்த்தம், ஆனா இப்ப இருக்குறது மரத்துல செஞ்ச மூணு பெரிய கம்பம், நாலு மீட்டர் உயரம், ஒவ்வொண்ணும் 300 கிலோவுக்குக் கிட்ட, உச்சில உபால்தோ, ஜார்ஜ், வனத்து அந்தோணியார்னு ஒவ்வொரு சுரூபம். வெள்ள பேண்ட்டு, கழுத்துல சிவப்புத் துண்டு, தோள்ல தூக்கிட்டு தெருத் தெருவா ஓடி அப்படியே மலையேறி அந்த பசிலிக்கா வரைக்கும் ஓடுறாங்க. ஓட்டப்பந்தயம்தான், ஆனா யாரும் யாரையும் முந்தக்கூடாது, எப்பவும் உபால்தோதான் முதல்ல. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலைல படியேறுற காவடிங்களப் பாத்து வளர்ந்தவங்க நாங்க, ஜூலைல புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோட நடக்குறவங்க, அந்த மூச்சு வாங்குற சத்தம் எங்களுக்குப் புதுசில்ல. அப்பா கண்ணு தோளுங்க மேலயே இருந்துச்சு, எப்படி ஆள் மாத்துறாங்க, எந்தப் பக்கம் வெயிட்டு சாயுதுன்னு.

முதல்ல போறது யாரோட கம்பம்மான்னு கேட்டாரு. ஜார்ஜ் வியாபாரிங்களோடது, அந்தோணியார் விவசாயிங்களோடது, உபால்தோ கொத்தனாருங்களோடதுப்பான்னேன். காலங்காலமா அந்த சங்கத்துப் பேருலதான்.

அப்பா கொஞ்ச நேரம் பேசல. திரும்பப் போடுன்னாரு, முதல்ல இருந்து. பாத்து முடிச்சுட்டு ஒரு பிளாஸ்க்குல கோப்பி ஊத்தச் சொல்லி, முட்டி வலியோட வேலிப் பக்கம் போனாரு. மண்டோரு எந்த ஊருப்பான்னு ஆரம்பிச்சவரு, வேலி ஓரம் பலகை வச்சுட்டுக் கலக்கு, சாயாதுன்னு சொல்லிக் குடுத்துட்டு இருந்தாரு. மறுநாள் பலகை வச்சிருந்தாங்க. கருவேப்பில தப்பிச்சிருச்சு, மல்லி போயிருச்சு.