புதிய இனமா, பெயர் பெற்ற இனமா?

கோலாலம்பூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் முதுகலை ஆய்வுக்காகச் சேர்ந்தபோது, மலேரியா பரப்பும் அனோபிலிஸ் வகைக் கொசுப்புழுக்கள் சிலவற்றை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஹுலு சிலாங்கூர் காட்டோரத்தில், நிழல் விழுந்த லாரித் தடத்துத் தண்ணீரில் எடுத்தவை. அவை புதிய இனமா, ஏற்கெனவே பெயர் பெற்றதா என்று நான் சொல்ல வேண்டும்.

இந்த வேலைக்கு உயிர்நாடி வளர்ப்புதான். ஒவ்வொரு புழுவுக்கும் தனிக் குப்பி, தனி எண். புழு கூட்டுப்புழுவாகும்போது ஒரு சட்டை உரியும். கொசு வெளிவரும்போது இன்னொன்று. கண்ணாடிபோல் மிதக்கும் அந்த இரண்டையும் மெல்லிய தூரிகையால் எடுத்து, கொசுவின் எண்ணையே எழுதி ஆல்கஹாலில் போட வேண்டும். "சட்டை போனால் கொசுவுக்குச் சாட்சி இல்லை, அம்மா" என்பார் எங்கள் ஆய்வுக்கூட அண்ணன். முழு உண்மை. புழுவின் மயிர் எத்தனை கிளையாகப் பிரிகிறது என்பதை வைத்தே பல இனங்களைப் பிரித்தறிகிறோம்.

பிறகு கொசுவை ஊசியில் செருகிய காகித முனையில் ஒட்டி நுண்ணோக்கியில் பார்த்தேன். புள்ளி புள்ளியான கால்கள். பின்னங்கால் மூட்டில் அகலமான வெள்ளைப் பட்டை. அனோபிலிஸில் நெருங்கிய இனங்கள் சேர்ந்த லூக்கோஸ்பைரஸ் குழு என்பது உறுதியானது. அதற்குள் எந்த இனம் என்பதுதான் சிக்கல். இந்தக் குழுவில் மட்டும் 2005இல் ஆறு இனங்கள் புதிதாக விவரிக்கப்பட்டன. அதுவரை அவற்றில் சில A, B போன்ற எழுத்துக் குறியோடு ஒரே பெயருக்குள் அடங்கிக் கிடந்தன.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்பவர்களுக்கு நம் தோட்டப்புற வரலாறே பதில். தாழ்நிலத்தில் சதுப்பை வடித்து அம்புரோசஸ் கொசுவை அடக்க முடிந்தது. அதே நம்பிக்கையில் மலைத்தோட்டங்களில் காட்டை வெட்டி ஓடைகளில் வெயில் படவிட்டபோது, வெயிலை விரும்பும் மாக்குலாட்டஸ் பெருகியது. பால்மரத் தோட்டங்களில் நம் மக்கள் காய்ச்சலில் மடிந்தார்கள். இன்றும் காட்டோரங்களில் குரங்கிடமிருந்து மனிதருக்கு வரும் நோலசி மலேரியாவைப் பரப்புவது பெரும்பாலும் லூக்கோஸ்பைரஸ் குழுதான்.

ஒரே ஒரு காலைக் கழற்றி டி.என்.ஏ. எடுத்தோம், மீதி உடல் ஊசியிலேயே இருந்தது. டி.என்.ஏ.வும் சட்டைகளும் ஒரே விடையைச் சொன்னன: இன்ட்ரோலாட்டஸ். ஹுலு சிலாங்கூரில் நோலசியைப் பரப்புவதாக 2014இல் வெளியான ஆய்வு காட்டிய அதே இனம்.

புதிய இனமாக இருந்திருந்தால் வேலை இன்னும் நீண்டிருக்கும். ஒரே ஒரு கொசுவை மூல மாதிரியாகத் தேர்ந்து பொதுத் தொகுப்பில் வைத்து, நெருங்கிய இனங்களிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று எழுதி வெளியிட்டால்தான் பெயர் செல்லும்.

பெயர் சூட்டும் வாய்ப்பு போயிற்றே என்று வீட்டில் வருந்தினார்கள். எனக்கு வருத்தமில்லை. அந்த லாரித் தடத்தில் பிறப்பது எது என்று இப்போது ஐயமில்லாமல் சொல்ல முடிகிறது. கொசுக்களும் சட்டைகளும் ஒரே எண்ணில் தொகுப்பில் சேர்ந்துவிட்டன. அடுத்து வருபவர் எடுத்து ஒப்பிடலாம்.