அளந்த எண்ணுக்கு ஃப்ளோட், எழுதிய எண்ணுக்கு டெசிமல்

பில்லிங் மென்பொருளில் வேலை பார்க்கத் தொடங்கியதிலிருந்து, யாருடைய நிரலை ரிவ்யூ செய்தாலும் தொகை எந்த டைப்பில் (எண்ணைச் சேமிக்கும் வகையில்) இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். ஃப்ளோட் (எண்ணை இரும வடிவில், பெரும்பாலும் தோராயமாக வைக்கும் டைப்) என்றால் அங்கேயே நிறுத்திவிடுவேன். “கடைசி இலக்கத்தில்தானே வித்தியாசம், ரவுண்ட் பண்ணினால் சரியாகிவிடும்” என்பார்கள். அப்போது பைத்தான் மொழியில் 2.675ஐ இரண்டு தசம இடத்துக்கு ரவுண்ட் செய்து பார்க்கச் சொல்வேன். எல்லோரும் 2.68 என்று எதிர்பார்ப்பார்கள், வருவது 2.67. ரவுண்ட் செய்த விதத்தில் தப்பே இல்லை. 2.675ஐ இரும வடிவில் முழுசாக எழுதி முடிக்க முடியாது என்பதால், கம்ப்யூட்டர் வைத்திருப்பது அதற்கு மிக அருகிலுள்ள 2.67499999999999982... என்ற எண். ரவுண்ட் செய்வதற்கு முன்பே எண் மாறிப்போய்விட்டது.

அப்படியானால் எழுதிய தசம இலக்கங்களை அப்படியே வைக்கும் டெசிமல் டைப்பையே எங்கும் போட்டுவிடலாமே? வெப்பநிலை சென்சார் டேட்டாவைக் கையாண்ட ஒரு புராஜெக்டில் நண்பர் ஒருவர் இப்படித்தான் வாதாடினார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சென்சாரே அரை டிகிரி முன்னே பின்னே காட்டும்போது, பதினாறாவது இலக்கத்தைக் காப்பாற்றி என்ன பயன்? ஃப்ளோட்டுக்காக 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலையின் டபுள் (64 பிட் ஃப்ளோட்) கணக்கை இன்றைய பிராசஸர்கள் நேரடியாகவே போடுகின்றன. டெசிமல் பெரும்பாலும் மென்பொருள் வழியாகத்தான் நடக்கிறது, அதனால் மெதுவாகும். அளந்து கிடைத்த எண்ணா, மனிதர்கள் எழுதி ஒப்புக்கொண்ட எண்ணா என்று கேட்டாலே எனக்குப் பாதி முடிவு கிடைத்துவிடும்.

டைப்பை மாற்றியதோடு வேலை முடிவதில்லை. டேட்டாபேஸில் நியூமரிக் (அங்குள்ள தசம டைப்), சர்வரில் டெசிமல் என்று பார்த்துப் பார்த்து வைத்திருப்போம். நடுவில் ஜேசானில் (நிரல்களுக்கிடையே தகவல் அனுப்பும் உரை வடிவம்) வெறும் எண்ணாக அனுப்பினால், பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அதை டபுளாகத்தான் படிக்கும். அதனால் தொகையை ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத் தொடராக, அனுப்பச் சொல்லி நான் பிடிவாதம் பிடிப்பேன். பைத்தான் டெசிமலுக்கு 0.1ஐ மேற்கோள் குறி இல்லாமல், அதாவது ஃப்ளோட்டாக, கொடுத்தாலும் இதே கதைதான்: 0.1000000000000000055511... என்று அந்தப் பிசகையும் சேர்த்துத் துல்லியமாக வைத்துக்கொள்ளும். ஜாவா மொழியின் தசம டைப்பான பிக்டெசிமலில் இன்னொன்று உண்டு. ஈக்வல்ஸ் கொண்டு ஒப்பிட்டால் 2.0ம் 2.00ம் வேறுவேறு, அங்கே மதிப்பை மட்டும் ஒப்பிடும் கம்பேர்டூதான் வேண்டும்.

ஆனால் மீட்டிங்கில் அதிக நேரம் எடுக்க வேண்டியது ரவுண்டிங் விதிக்குத்தான். 0.125 என்பது 0.13 ஆவதா, இரட்டைப்படை இலக்கத்தை நோக்கி 0.12 ஆவதா? ஒவ்வொரு வரியிலும் ரவுண்ட் செய்வதா, மொத்தத்தில் ஒரே தடவையா? 100ஐ மூன்று தவணையாகப் பிரித்தால் 33.33 மூன்று முறை, கூட்டினால் 99.99. மீதி 0.01 எந்தத் தவணையில் சேரும் என்பதை எந்த டெசிமலும் சொல்லாது. டெவலப்பர் தானாக முடிவெடுக்கவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அக்கவுண்ட்ஸில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். கடைசித் தவணையில் சேருங்கள் என்று எங்களுக்குப் பதில் வந்தது. எந்தத் தொகையை எத்தனையாகப் பிரித்தாலும் தவணைகளின் கூட்டுத்தொகை மூலத் தொகைக்குச் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டை அன்றே எழுதினோம்.