விடிவெள்ளி

இன்று விடியற்காலை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாசல் தெளிக்கப் போனேன். செம்பனை மரங்களுக்கு மேலே வெள்ளி பளிச்சென்று நின்றது. அம்மா பால்மரம் சீவிய காலத்தில், "விடிவெள்ளி வந்துடுச்சு, பெரட்டுக்கு நேரமாச்சு" என்று அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார். பெரட்டு என்றால் வேலைக்கு முன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பது. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு அதுதான் கடிகாரம்.

இந்த வெள்ளிக் கோள் ஏறக்குறைய பூமியின் அளவுதான். ஆனால் தரையில் சுமார் 465 டிகிரி செல்சியஸ் வெப்பம், ஈயமே உருகிவிடும். 1982-இல் அங்கே இறங்கிய சோவியத் விண்கலம் வெனேரா 13 127 நிமிடம் தாங்கியதே பெரிய விஷயம்.

என்னை விடாமல் பிடித்திருப்பது அதன் சுழற்சிதான். ஒருமுறை தன்னைத்தானே சுற்ற 243 நாள், அதுவும் பூமிக்கு எதிர்த்திசையில். மேல்மேகங்களோ நாலைந்து நாளில் கோளையே சுற்றிவந்துவிடுகின்றன. ஏன் எதிர்த்திசை? காற்றுக்கு அத்தனை வேகத்தை எது தருகிறது? இன்னும் முழு விடை இல்லை. அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததா என்பதும் அப்படித்தான்.

அப்புறம் எரிமலை. மகெல்லன் விண்கலம் 1991-இல் எடுத்த ரேடார் படங்களில், எட்டே மாதத்தில் ஓர் எரிமலை வாய் உருமாறிப் பெரிதாகியிருந்தது. அதைக் கவனித்துச் சொன்னது 2023-இல்தான்!

அம்மாவிடம் சொன்னேன். காப்பியை ஆற்றிக்கொண்டே வாசலுக்கு வந்து, வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.