சாஸ்தா கோயிலில் மட்டன் பிரியாணி

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கீழவீட்டுச் சித்தப்பா ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தார். கூடவே ஒரு குரல் பதிவு. "ஏலே, நம்ம சாஸ்தா கோயிலத் தொறந்தா உங்க அத்தான் பிரியாணிக் கடைல்லா வருது! சைவச் சாமிக்கு மட்டனா போடுதிய?"

பார்த்தால் நிஜம்தான். 'இந்த சர்வர் தன்னை இன்ன முகவரி என்று நிரூபிக்கவில்லை, இதனிடம் இருப்பது பிரியாணிக் கடையின் சான்றிதழ்' என்கிற மாதிரி க்ரோம் எச்சரித்திருக்கிறது. சித்தப்பா எதற்குப் பயந்தார்? ஆபத்து என்று சொன்ன பிறகும் உள்ளே போயிருக்கிறார். உள்ளே அரை பிளேட், முழு பிளேட், பக்கெட் பிரியாணி விலைப்பட்டியல். வெளியே மாடனுக்குக் கிடா வெட்டும்போது சாஸ்தாவுக்குத் திரை போடுகிற குடும்பம் நாங்கள்.

சாஸ்தாவின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அதில்தான் சண்டையே. சாமி ஒன்றுதான், பீடம் ஒன்றுதான், சேரன்மகாதேவியில் அதே கன்னடியன் கால்வாய்க்கரைதான். ஆனால் மேலவீட்டுக்காரர்கள் ஒரு பெயரும் கீழவீட்டுக்காரர்கள் இன்னொரு பெயரும் சொல்வார்கள். ஒரு கொடையில் பூசாரி திருநீற்றை முதலில் யார் கையில் கொடுத்தார் என்பதில் ஆரம்பித்தது, அப்பாவும் சித்தப்பாவும் அன்றிலிருந்து பேச்சில்லை. எதிரெதிரே வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அப்பா கடிகாரம் கட்டுவதை விட்டு வெகுகாலம் ஆகிறது.

பங்குனி உத்திர வரியை பம்பாய், பெங்களூர்க்காரர்கள் அங்கிருந்தே கட்டட்டும் என்று நான் ஒரு சைட் போட்டிருந்தேன். எங்கள் மேலவீட்டுப் பெயரில். பொறுக்குமா? கீழவீட்டார் தங்கள் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, ஒரு வார்த்தை சொல்லாமல் அதை என் சர்வரின் ஐபி முகவரிக்குத் திருப்பி விட்டிருக்கிறார்கள். திருப்பினால் போதும், கோயில் தானாகத் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறான்.

தெரியாது. ஒரே ஐபியில் எத்தனை சைட் வேண்டுமானாலும் இருக்கும். என் சர்வரில் அத்தானின் பிரியாணிக் கடை சைட்டும் இருக்கிறது. வருகிறவர் எந்தப் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டுகிறார் என்று பார்த்துத்தான் அப்பாச்சி என்கிற சர்வர் மென்பொருள் அந்தந்த சைட்டைக் காட்டும். சர்வர்நேம் என்ற வரியில் முதல் பெயரையும், அதன் கீழே சர்வர்அலியாஸ் என்ற வரியில் மற்றப் பெயர்களையும் எழுதி வைக்க வேண்டும். எழுதாத பெயரைச் சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் அது திருப்பி அனுப்பாது. பட்டியலில் முதலில் இருக்கிற சைட்டைக் காட்டிவிடும். சைட்களின் அமைப்புக் கோப்புகளை ஆங்கில அகரவரிசையில் படிப்பதால், https இணைப்புகள் வந்து சேர்கிற 443ஆம் போர்ட்டில் முதல் ஆள் பிரியாணி. சாஸ்தா கடைசி.

சான்றிதழ் வேறு கதை. அது கல்யாணப் பத்திரிகை மாதிரி. யார் யார் பெயர் அச்சாகியிருக்கிறதோ அவர்களுக்குத்தான் மரியாதை, விட்டுப்போன தாய்மாமன் வாசலில் நின்று சத்தம் போடத்தான் செய்வார். ஒரே சான்றிதழில் 100 பெயர் வரை போட, சான்றிதழ் வழங்குகிற லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு விடுகிறது, காசும் கிடையாது. எங்களுக்கு டபிள்யூ டபிள்யூ டபிள்யூ வைத்தும் வைக்காமலுமாக நாலு பெயர். அஞ்சு நிமிஷ வேலை.

அந்த அஞ்சு நிமிஷத்துக்குள் அப்பா வந்துவிட்டார். "அவம் பேரத் தட்டுனா நம்ம பேருக்கு வந்து நிக்கிற மாதிரி செய்யி." அதாவது 301 ரீடைரக்ட். அப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், பங்காளியை மட்டம் தட்டுகிற தொழில்நுட்பம் எதுவானாலும் அவருக்குச் சீக்கிரம் பிடிபடும். அதற்குள் சித்தப்பா குழுவில், "எங்க பேரு எங்க பேராவே நிக்கணும், சொல்லிட்டேன்" என்றார். சரி, ரீடைரக்டே வேண்டாம், அவரவர் பெயரிலேயே அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அலியாஸோடு விட்டேன். ஒரே பக்கம் இரண்டு முகவரியில் இருந்தால் கூகுள் குழம்பும். குழம்பட்டும், கூகுளா வந்து வரி கட்டப்போகிறது?

சான்றிதழை வாங்கித் தருகிற சர்ட்பாட் என்ற நிரலை ஓடவிட்டால் மேலவீட்டுப் பெயர்கள் தேறின, கீழவீட்டுப் பெயர் தேறவில்லை. ஒரு பெயருக்கு மணிக்கு 5 தடவை சரிபார்ப்பு தவறினால் லெட்ஸ் என்க்ரிப்ட் 'கொஞ்சம் பொறு' என்று ஒதுக்கிவிடும், அதனால் யோசித்து உட்கார்ந்திருந்தேன். அப்போது பம்பாய் அத்தை அழுகிற குரலில் கூப்பிட்டாள். "எய்யா, கோயில விக்கப்போறாவளாமே? போன்ல 'விற்பனைக்கு'ன்னு போட்டிருக்கே!"

பிடிபட்டது. டொமைன் விற்றவர்கள் தங்கள் விளம்பரப் பக்கத்துக்கு ஒரு ஐபிவி6 முகவரி, அதாவது புதுவகை ஐபி, வைத்திருந்திருக்கிறார்கள். கீழவீட்டார் என் சர்வருக்குத் திருப்பியது பழைய வகையான ஐபிவி4ஐ மட்டும். சித்தப்பா வீட்டு பிராட்பேண்டில் ஐபிவி4 மட்டும், அதனால் அவருக்குப் பிரியாணி. அத்தை போனில் ஐபிவி6, அதனால் அவளுக்கு ரியல் எஸ்டேட். பெயரைச் சரிபார்க்க வருகிற லெட்ஸ் என்க்ரிப்டும் ஐபிவி6 இருந்தால் முதலில் அங்கேதான் போகும். டொமைன் கணக்கில் அந்த ஐபிவி6 முகவரி எழுதியிருக்கிற ஒரு ரெக்கார்டை அழித்தால் தீர்ந்தது.

அழிக்கக் கீழவீட்டுக் கணக்கில் நுழைய வேண்டும். பாஸ்வேர்டைச் சித்தப்பா குழுவிலேயே, ஊரறிய, போட்டுவிட்டார். ஓடிபி மட்டும் அவர் போனுக்கு வரும். நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மேலவீட்டுச் சின்னப்பையன் கூப்பிட்டால் எடுப்பாரா? அப்பா கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம் என் போனைப் பிடுங்காமல், தன் போனை எடுத்தார்.

"நாந்தாம். ஓடிபி வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. நாலு, ஒம்பது... அடுத்தது ஏழா ஒண்ணான்னு தெரியல."

"கண்ணுல என்ன?"

"பொரை விழுந்திருக்காம். வலது பக்கம்."

"எத்தன நாளா? டாக்டர்ட்ட காட்டுனியா? யாரு கூட்டிட்டுப் போனா?"

ஓடிபி காலாவதி ஆனது. இன்னொன்று அனுப்பினேன். அதுவும் சர்க்கரை எவ்வளவு, மாத்திரை எது என்பதிலேயே செத்தது. அதற்கடுத்ததை ஸ்பீக்கரில் போடச்சொல்லி நானே சித்தியிடம் வாங்கினேன். ரெக்கார்டை அழித்து, அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேரக் காத்திருந்து, மறுபடி சர்ட்பாட். நாலு பெயரோடும் சான்றிதழ் வந்தது. 90 நாள் செல்லும், பிறகு தானே புதுப்பித்துக்கொள்ளும்.

குளித்துவிட்டும் வந்துவிட்டேன், அப்பா இன்னும் போனில்தான் இருந்தார். திருநீறு விஷயத்துக்கு வந்துவிட்டார்கள் போல, சத்தம் கூடியிருந்தது.