அம்மம்மாவின் பெருவிரல்

முழங்கால் நோவென்று காலையிலிருந்து எழும்பாத அம்மம்மா, பின்னேரம் ரீவியில் தில்லானா மோகனாம்பாள் தொடங்கினதும் சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து இருந்தா.

"நலந்தானா" வந்தது. பத்மினி கண்ணாலேயே சுகம் விசாரிக்கிறா, அந்தப் பக்கம் சிவாஜி கையில் காயத்தோடு நாதஸ்வரம் வாசிக்கிறார். நான் திரையைப் பார்க்கவில்லை.

அம்மம்மாவின் வலதுகால் பெருவிரல் சீமெந்து நிலத்தில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை.

பத்மினி 1932ல் பிறந்தவ. சின்ன வயதிலேயே மேடை, அக்கா லலிதா, தங்கை ராகினியோடு திருவிதாங்கூர் சகோதரிகள் என்று பெயர். 1961ல் கலியாணம், பிறகு பிள்ளை. 1968ல் இந்தப் படம் வெளிவரும்போது அவவுக்கு 36 வயது. பிறகு அமெரிக்கா போய், நியூ ஜேர்சியில் நடனப் பள்ளியும் நடத்தினவ.

கலியாணத்துக்குப் பிறகு இப்படி ஆடியிருக்கிறா என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். எங்கட ஊரில் எத்தனை பேருக்குத் தாலியோடு ஆட்டம் நின்றது! அம்மம்மாவும் பத்து வயதிலிருந்து பழகினவதான்.

"சலங்கை எங்கே அம்மம்மா?"

"ட்ரங்குப் பெட்டிக்கு அடியில கிடக்கும், எடுத்துக்கொண்டு வா பாப்பம்."