பில்பாவோவின் பிள்ளைகள்

வட ஸ்பெயினின் பாஸ்க் மண்ணில் பிறந்தவர்கள், அல்லது அங்கே ஆட்டம் பயின்று வளர்ந்தவர்கள். அத்லெடிக் பில்பாவோ கால்பந்து அணிக்கு இவர்கள் மட்டுமே ஆட முடியும். 1898-இல் தொடங்கிய இந்த கிளப், உலகம் முழுவதும் வீரர்களை விலைக்கு வாங்கும் இந்தக் காலத்திலும் அந்தப் பிடியை விடவில்லை. ஆனாலும் ஸ்பெயின் லீக்கின் முதல் பிரிவிலிருந்து ஒருமுறைகூட இறங்கியதில்லை. ரியல் மாட்ரிட், பார்சிலோனா தவிர வேறு யாருக்கும் இந்தப் பெருமை கிடையாது.

ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி 1941-இல் கிளப்பின் பெயரையே மாற்ற வைத்தது. 'அத்லெடிக்' என்ற ஆங்கிலச் சொல் ஆகாதாம், 'அத்லெதிகோ' ஆக்கினார்கள்.

எனக்கு என்றும் மயிர்க்கூச்செறியும் காட்சி 1976 டிசம்பர் 5-இல் நடந்தது. பிராங்கோ இறந்து ஓராண்டு கடந்திருந்தது. பாஸ்க் கொடிக்குத் தடை மட்டும் நீங்கவில்லை. இன்னொரு பாஸ்க் நகரான சான் செபாஸ்தியானில், அந்த ஊர் அணியான ரியல் சோசியதாதுடன் ஆட்டம். பில்பாவோ கேப்டன் இரிபாரும் எதிரணிக் கேப்டன் கோர்டபாரியாவும் அந்தக் கொடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி மைதானத்துக்குள் நடந்து வந்தார்கள். பரம வைரிகள்! கைது செய்யப்படலாம் என்று தெரிந்தே வந்தார்கள். அடுத்த மாதமே தடை நீங்கியது.

பில்பாவோ அணி வீரர் இன்யாக்கி வில்லியம்ஸின் பெற்றோர் கானாவிலிருந்து சகாரா பாலைவனத்தைக் கடந்து வந்தவர்கள். அவர் பிறந்தது பில்பாவோவில். அவரையும் தம்பி நிக்கோவையும் அந்த ஊர் தன் பிள்ளைகளாகவே கொண்டாடுகிறது. 2024-இல் 40 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்பெயின் அரசர் கோப்பை கைக்கு வந்தபோது, அண்ணனும் தம்பியும் அணியோடு படகில் ஏறி ஆற்றில் வந்தார்கள். இரு கரைகளிலும் மனிதத் தலைகள். அந்தக் காணொளியை நேற்றிரவும் பார்த்தேன்.