கையால் வரைந்த எழுத்துருவுக்கு உரிய இடம்

கோடுகள் சற்றே தள்ளாட, எழுத்துகள் மேலும் கீழுமாகத் துள்ளும் கையால் வரைந்த எழுத்துருக்கள் மீது எனக்குத் தீராத விருப்பம் உண்டு. சிறுவர் நூலின் அட்டை, பிறந்தநாள் அழைப்பிதழ், நாடகச் சுவரொட்டி போன்றவற்றில் ஓரிரு சொற்கள் மட்டும் பெரிதாக நிற்கும்போதுதான் அவற்றின் குறும்பு முழுமையாக வெளிப்படுகிறது. அதே எழுத்துருவை 10 புள்ளி அளவில் பத்தி முழுவதும் ஓடவிட்டால், கண்ணை மகிழ்வித்த ஒழுங்கின்மையே வாசிப்புக்குத் தடையாகிவிடும். கார்ட்டூன் உரையாடல் குமிழ்களை மனத்தில் கொண்டு வின்சென்ட் கொன்னார் 1994இல் வடிவமைத்த காமிக் சான்ஸ், அலுவலக அறிவிப்புகளில் ஏறியதால்தான் ஏளனத்துக்கு உள்ளானது. அது எழுத்துருவின் குற்றம் அன்று என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இவ்வகை எழுத்துருவின் தரத்தை, ஒரே எழுத்து மீண்டும் வரும் இடத்தில்தான் நான் சோதிக்கிறேன். ‘தாத்தா’ என்னும் சொல்லில் இரண்டு ‘தா’க்களும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தால், கை வரைந்தது என்ற உணர்வு கலைந்துவிடுகிறது. ஓப்பன்டைப் என்னும் கணினி எழுத்துருக் கோப்பு முறையில் சூழலுக்கேற்ற மாற்று வடிவங்களைச் சேர்க்க இயலும் என்பதால், அக்கறையுள்ள வடிவமைப்பாளர்கள் ஒரே எழுத்தைப் பலவாறு வரைந்து, அவை மாறி மாறித் தோன்றும்படி அமைக்கிறார்கள். உகர, ஊகார உயிர்மெய்களுக்குத் தனித்தனி வடிவங்கள் வேண்டியிருக்கும் தமிழில் அந்த உழைப்பு பன்மடங்காகப் பெருகுகிறது.